கொட்டித் தீர்க்கும் சிரபுஞ்சி, துளிக்கு ஏங்கும் லடாக்: இரண்டு ஊர்களுக்கும் ஒரே தாகம்!

பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்தில் எதை மறந்தாலும் இதை மறந்திருக்க மாட்டோம்: உலகிலேயே அதிக மழை பெய்யும் இடம் சிரபுஞ்சி. ஒரு மதிப்பெண் கேள்விக்கான பதிலாக அந்த ஊர் நம் மனதில் தங்கிவிட்டது. லடாக் அப்படியில்லை. பைக் பயண வீடியோக்களிலும் பாங்காங் ஏரி புகைப்படங்களிலும் தினம் ஒருமுறையாவது செல்போன் திரையில் வந்து போகிறது.

ஒன்று இந்தியாவின் வடகிழக்கில் இருக்கிறது, மற்றொன்று வடக்கு உச்சியில். நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 1,700 கிலோமீட்டர் இடைவெளி. ஒன்றில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். மற்றொன்றில் மழைமேகம் அபூர்வம். இந்த இரண்டு ஊர்களுக்கும் பொதுவாக ஒரு பிரச்னை இருக்கிறது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் இருக்கிறது. பனிக்காலம் முடிந்து கோடை தொடங்கும் மாதங்களில் இரண்டு ஊர்க்காரர்களும் தண்ணீருக்குத் தவிக்கிறார்கள்.

மூன்று மாடி உயரமும் கணுக்கால் அளவும்

சிரபுஞ்சியின் உண்மையான பெயர் சோரா. ஆங்கிலேயர் வாயில் அது ‘செர்ரா’ ஆகி, பிறகு சிரபுஞ்சி ஆனது. உள்ளூர் மக்களான காசி இனத்தவர் இன்றும் சோரா என்றே சொல்கிறார்கள். சாலைப் பலகைகளிலும் அந்தப் பெயரே இருக்கிறது. மேகாலயாவின் காசி மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த ஊர்.

சோராவின் ஆண்டுச் சராசரி மழை 11,000 மில்லிமீட்டருக்கும் மேல். பக்கத்திலிருக்கும் மௌசின்ராம் கிராமத்தில் இன்னும் கொஞ்சம் அதிகம், சுமார் 11,870 மி.மீ. அதனால் ‘உலகிலேயே அதிக மழை’ என்ற பட்டம் இப்போது மௌசின்ராமிடம் இருக்கிறது. சென்னையில் ஓர் ஆண்டில் சராசரியாகப் பெய்யும் மழை 1,400 மி.மீ. அளவில்தான். பெய்த நீர் எங்கும் ஓடாமல் அப்படியே நின்றால் மௌசின்ராமில் மூன்று மாடிக் கட்டடம் மூழ்கிப்போகும்.

சாதனைகள் இன்னும் மிரட்டுகின்றன. 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரையிலான 12 மாதங்களில் சோராவில் 26,000 மி.மீ.க்கு மேல் மழை பதிவானது. அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. 1995 ஜூன் 16 அன்று ஒரே நாளில் 1,563 மி.மீ. பெய்தது. ஐந்தடிக்கும் மேலான நீர், 24 மணி நேரத்தில்!

இப்போது லடாக்கின் லே நகரத்துக்கு வருவோம். சிந்து நதிப் பள்ளத்தாக்கில், சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையையும் பனியையும் சேர்த்து அளந்தால் 100 மி.மீ. அளவுதான் தேறும். தேங்கி நின்றால் கணுக்கால் நனையும், அவ்வளவே. 2022 ஜூன் 17 அன்று மௌசின்ராமில் ஒரே நாளில் 1,003 மி.மீ. மழை பெய்தது. லேயில் பத்து ஆண்டுகளில் பெய்ய வேண்டியது அது.

ஒரே காற்று, இரண்டு மலைகள்

இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு என்ன காரணம்? மலை எங்கே நிற்கிறது என்பதுதான்.

ஜூன் மாதத்தில் வங்கக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வடக்கே கிளம்புகிறது பருவக்காற்று. வங்கதேசம் பெரும்பாலும் சமவெளி. தடுக்க ஒரு மேடும் இல்லை. போதாததற்கு, மழைக்காலத்தில் சில்ஹெட் பகுதியின் தாழ்நிலங்கள் கடல்போல் நீர் நிரம்பிக் கிடக்கும். அந்த ஈரத்தையும் அள்ளிக்கொண்டு வரும் காற்றுக்கு எதிரே, சுவர் எழுப்பியதுபோல் செங்குத்தாக நிற்கிறது காசி மலை. காற்று மேலே ஏறியே ஆக வேண்டும். ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது. கொட்டிவிடுகிறது. மலைச்சரிவில் வெட்டியதுபோல் இருக்கும் ஆழமான பள்ளத்தாக்குகள் மேகங்களை நெருக்கி மேலே தள்ளுவதால் மழை இன்னும் பெருகுகிறது.

இங்கே மழை பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் வலுக்கிறது. அதனால்தான் சோராவில் கொட்டும் மழைக்காலத்திலும் பகலில் பள்ளிக்கூடம் நடக்கிறது, சந்தை கூடுகிறது. சுமையை இறக்கிவிட்ட காற்று மலையைத் தாண்டி ஷில்லாங் போய்ச் சேரும்போது இளைத்துவிடுகிறது. வடக்கே 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் ஷில்லாங்கில் ஆண்டு மழை 2,200 மி.மீ. அளவுதான்.

லடாக்கில் நடப்பது இதன் மறுபக்கம். தெற்கிலிருந்து வரும் பருவக்காற்று, பீர் பாஞ்சால், பெரிய இமயமலை என்று வரிசையாக நிற்கும் மலைகளில் மோதி, இருந்த ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. லடாக்குக்கு வந்து சேர்வது வறண்ட காற்று. குளிர்காலத்தில் மேற்கே மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றழுத்தச் சலனங்கள் கொண்டுவரும் பனிதான் இங்கே முக்கிய நீராதாரம்.

இதைக் கண்ணாலேயே பார்க்க ஓர் இடம் உண்டு. காஷ்மீரின் சோனமார்க்கிலிருந்து லடாக்கின் திராஸ் போகும் வழியில் இருக்கும் ஸோஜி லா கணவாய். 3,500 மீட்டருக்கும் மேல் உயரம். இந்தப் பக்கம் புல்வெளியும் பைன், ஃபிர் மரங்களுமாகப் பச்சை. கணவாயைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் மரங்கள் மறைந்து, பழுப்பும் சாம்பலுமாக மொட்டை மலைகள். மழை எந்த இடத்தோடு நின்றுவிட்டது என்று மலையே கோடு போட்டுக் காட்டுகிறது.

ஆனால் பழைய கதையைத் தோண்டினால் இரண்டு நிலங்களும் ஒருகாலத்தில் கடலடியில் கிடந்தவை. இந்திய நிலத்தட்டு சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியபோது, இடையிலிருந்த டெதிஸ் கடலின் அடித்தளம் நசுங்கி மேலெழுந்தது. லடாக் மலைகளில் இன்றும் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. ஏறத்தாழ அதே காலத்தில் காசி மலையின் தென்விளிம்பு ஆழமில்லாத கடலாக இருந்தது. அங்கே சிற்றுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து சுண்ணாம்புக்கல் உருவானது. சோராவின் குகைகள் எல்லாம் அந்தக் கல்லில் மழைநீர் அரித்து உண்டாக்கியவை.

தட்டைக் கூரையும் புல் போர்த்திய தகரமும்

இப்படிப்பட்ட வானத்தின் கீழ் வாழ மனிதர்கள் என்ன செய்தார்கள்? வீட்டின் கூரையைப் பார்த்தாலே போதும்.

லடாக்கின் பழைய வீடுகளுக்குத் தட்டையான கூரை. வெயிலில் காயவைத்த மண்கற்களால் தடிமனான சுவர். பாப்லர் மரத்தூண்களைக் குறுக்கே போட்டு, அதன்மேல் வில்லோ மிலாறுகளைப் பரப்பி, மண் பூசினால் கூரை தயார். மழை வராது என்ற நம்பிக்கையில் எழுந்த வீடுகள் இவை. கூரையின் மேல் மாட்டுத் தீவனமும் விறகும் அடுக்கியிருப்பார்கள். குளிர்காலம் முழுமைக்கும் அதுதான் சேமிப்பு.

சோராவிலும் மௌசின்ராமிலும் சாய்வான தகரக் கூரைகள். மழை விழும்போது உள்ளே இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச முடியாத அளவுக்குச் சத்தம். அதனால் மௌசின்ராமில் மழைக்காலத்துக்கு முன் தகரத்தின் மேல் புல்லைக் கற்றை கற்றையாகப் பரப்பிக் கட்டுகிறார்கள். மழையின் சத்தத்துக்குப் போர்வை!

குடையும் அங்கே வேறு மாதிரி. மூங்கில் சிம்புகளாலும் இலைகளாலும் பின்னிய ‘க்னூப்’ என்ற கவசம், தலையிலிருந்து இடுப்பு வரை முதுகை மூடுகிறது. கவிழ்த்த படகைச் சுமந்து நடப்பதுபோல் தோன்றும். இரண்டு கைகளும் ஓய்வாக இருப்பதால் மழையிலேயே குனிந்து வயல் வேலை செய்யலாம். குடை பிடித்துக்கொண்டு நாற்று நட முடியுமா?

பாலத்துக்கும் இதே கதைதான். மரப்பாலம் கட்டினால் மழையில் உளுத்துவிடும், மூங்கில் பாலத்துக்கு ஆயுள் சில ஆண்டுகள். அதனால் காசி மக்கள் பாலத்தை வளர்த்தார்கள். ஓடையின் கரையில் நிற்கும் ரப்பர் அத்தி மரத்தின் விழுதுகளை, குடைந்த பாக்குமரத் தண்டுகளுக்குள் விட்டு மறுகரைக்கு வழிநடத்துகிறார்கள். விழுதுகள் மண்ணில் ஊன்றிப் பருத்துப் பின்னிக்கொள்ள 15 முதல் 30 ஆண்டுகள் ஆகும். நட்டவர் நடப்பதைவிட அவருடைய பேரப்பிள்ளைகள் அதிகம் நடப்பார்கள். நொங்ரியாட் கிராமத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு வேர்ப்பாலம் இருக்கிறது. 2022-ல் இந்த வேர்ப்பாலங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன.

வானம்கூட இரண்டு ஊர்களுக்கும் இரண்டு விதமாகப் பயன்படுகிறது. லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கி இருக்கிறது. நம் ஊர் காவலூர் வானோக்கு நிலையத்தை நடத்துவதும் இதே நிறுவனம்தான். ஈரமில்லாத, மேகமில்லாத, வெளிச்சமில்லாத இரவு வேண்டும் என்று தேடித்தான் ஹான்லேக்குப் போனார்கள். சோராவில் மழைக்காலத்தில் நட்சத்திரம் பார்ப்பது அதிர்ஷ்டம்.

கடிகாரமும் சேர்ந்து வேடிக்கை காட்டும். இரண்டு ஊருக்கும் இந்திய நேரம்தான். ஆனால் சோரா கிழக்கே தள்ளி இருப்பதால் அங்கே சூரியன் லேயைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் மாலை நாலரை மணிக்கே சோராவில் இருட்டத் தொடங்கிவிடும்.

ஈரப் பாலைவனம்

இனி தாகத்தின் கதைக்கு வருவோம்.

சோராவின் மழையில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. டிசம்பர், ஜனவரி இரண்டு மாதங்களையும் சேர்த்தால்கூட சராசரியாக 50 மி.மீ. தேறாது. குளிர்காலத்தில் பல கிராமங்களில் ஊற்றுகள் வற்றுகின்றன. பெண்களும் பிள்ளைகளும் குடங்களையும் கேன்களையும் சுமந்துகொண்டு பள்ளத்தாக்கில் இருக்கும் ஊற்றுக்கு இறங்கி ஏறுகிறார்கள். தண்ணீர் லாரி வருகிறது. காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறார்கள். உலகிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்றில்!

அவ்வளவு நீரும் எங்கே போனது? கீழே போய்விட்டது. செங்குத்தான சரிவு, பெய்த வேகத்தில் நீர் அருவிகளாக விழுந்து வங்கதேசச் சமவெளிக்கு ஓடிவிடுகிறது. பிடித்துவைக்க வேண்டிய மேல்மண் பெரும்பாலும் இல்லை. மலையுச்சியில் இருந்த காடு குறையக் குறைய, நூற்றாண்டுகளாகப் பெய்த மழை மண்ணைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது பாறையும் புல்லும். சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் நுழைந்த நீர் குகைகளின் வழியே எங்கோ போய் வெளியேறுகிறது. நிலக்கரிக்காகவும் சுண்ணாம்புக்காகவும் மலையைத் தோண்டியதும் நிலைமையை இன்னும் கெடுத்தது. ‘ஈரப் பாலைவனம்’ என்று சோராவைப் புவியியலாளர்கள் அழைப்பது இதனால்தான்.

மழையும் பழையபடி இல்லை. 1901 முதல் 2019 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தப் பகுதியில் மழை குறைந்துவரும் போக்கைச் சுட்டிக்காட்டியது.

மழையின் தலைநகரத்துக்கும் பஞ்சத்துக்கும் இன்னொரு விநோத உறவும் உண்டு. சோராவுக்கு அருகில் மாம்லூ என்றொரு குகை. அதன் தரையிலிருந்து வளர்ந்த சுண்ணாம்புக் கசிவுப் படிவம் ஒன்றை விஞ்ஞானிகள் அறுத்து, அடுக்கு அடுக்காக ஆராய்ந்தார்கள். மரத்தின் வளையங்கள்போல் இந்தப் படிவங்களும் பெய்த மழையின் கணக்கை எழுதிவைத்திருக்கும். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் மழை பெருமளவு குறைந்த காலம் ஒன்று அதில் பதிவாகியிருந்தது. அதே காலத்தில் எகிப்து முதல் மெசபடோமியா வரை பல நாகரிகங்கள் பெரும் வறட்சியில் தடுமாறின. பூமியின் வரலாற்றில் அந்தக் காலத்திலிருந்து இன்று வரையிலான யுகத்துக்கு 2018-ல் ‘மேகாலயன் யுகம்’ என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். ‘மேகங்களின் இருப்பிடம்’ என்ற பெயர் கொண்ட மாநிலத்தின் குகைதான் உலக வறட்சிக்குச் சாட்சி.

நீர் இருக்கிறது, நேரத்துக்கு வராது

லடாக்கின் சிக்கல் வேறு. அங்கே தண்ணீர் மலை உச்சியில் பனியாக உறைந்து கிடக்கிறது. லே பக்கத்தில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரி வரை இறங்கும். கோடை மிகக் குறுகியது. ஏப்ரல், மே மாதங்களில் பார்லியும் கோதுமையும் விதைத்தால்தான் அடுத்த குளிருக்குள் அறுக்க முடியும். ஆனால் உயரத்திலிருக்கும் பனியாறுகள் உருகி ஓடைகளில் நீர் பெருகுவது ஜூன் மத்திக்கு மேல்தான். விதைக்கும் நேரத்தில் ஓடை வறண்டு கிடக்கும். அறுவடை நெருங்கும்போது நீர் வீணாக ஓடும். நடுவில் இருக்கும் அந்த இரண்டு மாதங்கள்தான் ஒரு லடாக் கிராமத்தின் உயிர்நாடி.

அந்த நாடி நின்றுபோன ஊரும் உண்டு. ஸன்ஸ்கார் பகுதியின் மிகப் பழைய கிராமங்களில் ஒன்று குமிக். அதன் தலைக்கு மேலிருந்த பனிவெளி சுருங்கி, ஓடை சீக்கிரமே வற்றிப்போக ஆரம்பித்தது. பல தலைமுறைகள் வாழ்ந்த வீடுகளை விட்டுவிட்டு, கீழே ஆற்றை ஒட்டிய வறண்ட மேட்டில் புது ஊரைக் கட்டும் முடிவுக்கு ஊர்மக்கள் வந்தார்கள். பனியாறு பின்வாங்குவது செய்தித்தாளில் ஒரு வரி. குமிக்கில் அதற்கு அர்த்தம், வீட்டை மறுபடி முதலிலிருந்து கட்டுவது.

மழைக்குத் தயாராக இல்லாத ஊரில் மழை பெய்தால் என்ன ஆகும் என்பதையும் லடாக் பார்த்துவிட்டது. 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவையொட்டி லே பகுதியில் மேகவெடிப்பு. மரமோ புல்லோ இல்லாத சரிவுகளில் நீர் சேற்றையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு இறங்கியது. மண் வீடுகள் கரைந்தன. 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே அளவு மழை சோராவில் பெய்திருந்தால் அது ஒரு சாதாரண ஜூலை இரவு.

சொட்டுச் சொட்டாக ஒரு கணக்கு

தண்ணீரின் அருமை தெரிந்த ஊர்களில் தண்ணீருக்குச் சட்டங்களும் இருக்கும். இரண்டு மலைகளிலும் அப்படித்தான்.

லடாக் கிராமங்களில் பாசனத்தை மேற்பார்வை பார்க்க ‘சுர்போன்’ என்று ஒருவர் உண்டு. நம் ஊர் ஏரிகளில் இருந்த நீர்க்கட்டியார்போல. எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் நீர் என்பது அவர் பொறுப்பு. இரவில் ஓடையில் கசியும் நீரை ‘ஸிங்’ எனப்படும் சிறு குளங்களில் தேக்கி, விடிந்ததும் வயலுக்குத் திறந்துவிடுகிறார்கள். பழைய வீடுகளில் கழிப்பறைக்குக்கூடத் தண்ணீர் கிடையாது. மண்ணும் சாம்பலும் தூவும் உலர் கழிப்பறைகள். அடுத்த ஆண்டு அதுவே வயலுக்கு உரம்.

இந்தப் பழைய அறிவின் மேல் புதியதைக் கட்டினார்கள் இரண்டு பொறியாளர்கள். முதலாமவர் செவாங் நோர்பெல். ஓடையில் வேகமாக ஓடும் நீர் உறைவதில்லை, நிழலில் மெல்லத் தேங்கும் நீர் உறைந்துவிடுகிறது என்பதைக் கவனித்தார். குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரை மலையின் நிழல் பகுதிக்குத் திருப்பி, குறுக்கே வரிசையாகக் கல்வரப்புகள் கட்டி, வேகத்தைக் குறைத்தார். நீர் அடுக்கடுக்காக உறைந்து செயற்கைப் பனியாறு ஆனது. கிராமத்துக்குப் பக்கத்தில், தாழ்வான இடத்தில் இருப்பதால் ஏப்ரலிலேயே உருகத் தொடங்கும். 1980-களில் தொடங்கிய இந்த வேலைக்காக 2015-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அடுத்தவர் சோனம் வாங்சுக். ‘3 இடியட்ஸ்’ நாயகன் பாத்திரத்துக்கு ஓரளவு தூண்டுதல் என்று பரவலாகச் சொல்லப்படுபவர். அந்தப் படத்தைத்தான் தமிழில் ‘நண்பன்’ என்று பார்த்தோம். நிழலான இடம் எல்லா ஊரிலும் கிடைக்காதே என்று யோசித்த அவர், பனியைப் படுக்கவைக்காமல் நிற்கவைத்தார். மேட்டிலிருக்கும் ஓடையிலிருந்து குழாயில் நீரைக் கீழே கொண்டுவந்தால், மோட்டாரே இல்லாமல் அழுத்தத்திலேயே ஊற்றாகப் பீய்ச்சும். மைனஸ் 20 டிகிரிக் காற்றில் விழும்போதே துளிகள் உறைந்து, கோபுரமாக வளரும். கூம்பு வடிவத்தில் வெயில் படும் பரப்பு குறைவு. அதனால் சமதரையில் கிடக்கும் பனி காணாமல் போன பிறகும் கோபுரம் நின்று, விதைப்புக் காலத்தில் சொட்டுச் சொட்டாக உருகும். பார்க்கப் பௌத்த ஸ்தூபம்போல் இருப்பதால் இதற்குப் பெயர் ‘பனி ஸ்தூபம்’. 2013-14 குளிர்காலத்தில் செய்துபார்த்த முதல் மாதிரி மே மாதம் வரை உருகாமல் நின்றது.

மேகாலயாவின் தென்சரிவுகளில் இதே சொட்டுக் கணக்கு மூங்கிலில் நடக்கிறது. பாக்குமரங்களில் வெற்றிலைக் கொடி ஏற்றியிருக்கும் தோட்டங்களுக்குக் குளிர்காலத்தில் நீர் வேண்டும். மலையின் மேலிருக்கும் ஊற்றிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் தூரத்துக்கு மூங்கில் குழாய்கள். நிமிடத்துக்கு 20 லிட்டர் அளவில் உள்ளே நுழையும் நீர், கிளை கிளையாகப் பிரிந்து, கொடியின் வேரில் வந்து விழும்போது நிமிடத்துக்குச் சில பத்துத் துளிகள். ஆணி இல்லை, மோட்டார் இல்லை. சுமார் 200 ஆண்டுகளாக இருக்கும் முறை. பிளாஸ்டிக் சொட்டுநீர்க் குழாய் வருவதற்கு வெகுகாலம் முன்பே, உலகின் மழைத் தலைநகருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி துளிகளை எண்ணிப் பங்கிட்டிருக்கிறார்.

காட்டையும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஷில்லாங்குக்கு அருகிலிருக்கும் மாப்லாங் போன்ற கோயில் காடுகளிலிருந்து ஓர் இலையைக்கூட எடுத்துவரக் கூடாது என்பது கட்டுப்பாடு. அந்த மரங்களின் அடியில் இன்னும் மண் இருக்கிறது. அந்த மண்ணில் இன்னும் ஈரம் இருக்கிறது. சில மைல் தூரத்தில் மொட்டையாகக் கிடக்கும் மேட்டைப் பார்த்துவிட்டு இந்தக் காட்டுக்குள் நுழைந்தால், மழையைப் பிடித்துவைப்பது எது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

விருந்தாளிகளின் பங்கு

இந்தக் கணக்குகளைக் குலைப்பதில் பயணிகளுக்கும் பங்கு உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி லடாக்கின் மக்கள்தொகை சுமார் 2.74 லட்சம். 2022-ல் அங்கே வந்த சுற்றுலாப் பயணிகள் 5 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் வருவது நாலைந்து மாதங்களுக்குள். ஷவரும் ஃபிளஷ் கழிப்பறையும் கேட்கும் விருந்தாளிகளுக்காக லேயின் விடுதிகள் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. உலர் கழிப்பறையோடு நூற்றாண்டுகள் வாழ்ந்த நகரம், இப்போது கழிவுநீரை எங்கே விடுவது என்று யோசிக்கிறது. சோராவிலும் மழை பார்க்கவும் அருவி பார்க்கவும் கூட்டம் வருகிறது. குளிர்காலத்தில் விடுதிக்கு வரும் தண்ணீர் லாரி, ஏதோ ஓர் ஊற்றிலிருந்து வந்தது என்பது அறைக்குள் தெரிவதில்லை.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* சோராவுக்கு ஷில்லாங்கிலிருந்து சாலை வழியே சுமார் 55 கி.மீ. ஷில்லாங்குக்கு குவாஹாட்டியிலிருந்து சுமார் 100 கி.மீ. மழையையே பார்க்க வேண்டுமென்றால் ஜூன், ஜூலை. அருவியும் தெரிய வேண்டும், வானமும் வெளுத்திருக்க வேண்டும் என்றால் அக்டோபர், நவம்பர்.

* நொங்ரியாட் வேர்ப்பாலத்துக்கு டிர்னா கிராமத்திலிருந்து 3,000-க்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம். திரும்பி ஏற வேண்டும் என்பதை மனதில் வைத்து இறங்குங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு ரிவாய் கிராமத்திலிருக்கும் பாலம் எளிது.

* லேயில் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு பங்கு ஆக்ஸிஜன்தான். விமானத்தில் போய் இறங்கினால் முதல் 48 மணி நேரம் ஓய்வு கட்டாயம். இதய, நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. வெயில் சுடும், நிழல் குளிரும். இரண்டுக்கும் உடை வேண்டும்.

* இரண்டு ஊரிலும் குளிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும் என்று சொல்லிவையுங்கள். லடாக்கில் வீட்டுத் தங்கல் கிடைத்தால் உலர் கழிப்பறையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

* லடாக்கில் ‘ஜூலே’, சோராவில் ‘குப்லே’. வணக்கம், நன்றி, போய் வருகிறேன் மூன்றுக்கும் அந்த ஒரு சொல் போதும்.

சுற்றுலா விளம்பரங்களில் சோரா என்றால் ஜூலை மேகம், லடாக் என்றால் ஆகஸ்ட் நீலவானம். ஆனால் இரண்டு நிலங்களையும் உள்ளபடி பார்க்க ஏற்ற மாதம் மார்ச். அந்த மாதத்தில் 340 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நோகலிகை அருவி வெள்ளை நூலாக இளைத்திருக்கும். அருகிலிருக்கும் கிராமத்தில் யாரோ ஒரு பெண் ஊற்றோரம் குடம் நிரம்பக் காத்திருப்பார். லடாக்கில் எங்கோ ஒரு கிராமத்தின் ஓரத்தில், குளிர்காலம் முழுக்க ஊர்கூடிச் சேர்த்த தண்ணீர் பனிக்கோபுரமாக நின்றுகொண்டிருக்கும். அங்கே இன்னும் ஒரு மாதத்தில் விதைப்பு தொடங்க வேண்டும்.